ஊறுபட்டார் வழக்கும் சட்டத்தரணியின் தொழிலும்

மனிதனுடைய உடலுக்கு நேரும் ஊறு இருவகைப்படும். இடியும் வெள்ளமும் போன்ற இயற்கையின் செயலால் நேர்வது ஒருவகை. பிறனொருவன் காட்டவேண்டிய கவனத்தைக் காட்டாது விட்டமையால் நேர்வது மற்றொரு வகை. முன்னையதற்கு மருத்துவமும் சுற்றத்தாரின் ஆதரவுமே துணை. பின்னையதற்கு அவற்றோடு சட்டமும் துணை நிற்கின்றது. எவன் கவனயீனத்தால் ஊறு நேர்ந்ததோ அவனே அதன் இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. ஆயினும், சட்டம் தானாக நடந்து சென்று எவர் வீட்டுப் படலையையும் தட்டுவதில்லை. ஊறுபட்டவனுடைய துன்பத்தை நீதிமன்றம் ஏற்கத்தக்க சான்றாகவும், எண்ணிச் சொல்லத்தக்க தொகையாகவும் ஆக்கித் தருபவர் ஒருவர் வேண்டும். அப்பணியை மேற்கொள்ளும் சட்டத்தரணி எத்தகைய கல்வியும் பண்பும் உடையவராதல் வேண்டும் என்பது, அத்தொழிலை நாடும் இளைஞர் மட்டுமன்றிப் பொதுமக்களும் அறிந்திருக்கவேண்டிய செய்தியாகும்.

மீன்பாடும் தேனாடு எனப் புகழ்பெற்ற மட்டக்களப்பில் இச்செய்தி தனிச் சிறப்புடையது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி அந்நாட்டை இரண்டாகப் பகுக்கின்றது. கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகப் படுவான்கரை. 1924-ம் ஆண்டிற் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. 2013-ம் ஆண்டில் அதன் அருகே புதிய பாலமொன்று எழுந்தது. 2014-ம் ஆண்டில் மண்முனைத் துறையிலும் பாலம் அமைந்தது. பாலங்களோடு விரைவும் வந்தது. மாட்டுவண்டி அசைந்து சென்ற தெருக்களிலே மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் லொறியும் விரைகின்றன. வயலிலே உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும், ஆலையிலே சுழலும் வார்ப்பட்டையும், கடலிலே வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளமும் மக்களின் அன்றாடத் தொழிற் கருவிகளாகிவிட்டன. இவற்றால் ஊறுபடுவோருட் பெரும்பாலோர் நாட்கூலி பெறுபவரும், வேளாண்மை செய்பவரும், மீன்பிடிப்பவருமே. மாதம் தவறாது வரும் சம்பளமும் அதற்குரிய சீட்டும் இவர்களிடம் இல்லை. இவர்களுடைய இழப்பை எவ்வாறு அளப்பது என்னும் வினாவே இத்துறையில் உழைக்கும் சட்டத்தரணிக்கு முதற் சோதனையாகும்.

இச்சட்டம் நம் நாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. கி.மு. 3-ம் நூற்றாண்டில் உரோமர் அக்குவிலியச் சட்டம் என்பதொன்றை இயற்றினர். பிறனுடைய அடிமையையோ மந்தை விலங்கையோ தவறாகக் கொன்றவன், அதற்குக் கடந்த ஓராண்டில் இருந்த மிகவுயர்ந்த விலையைச் செலுத்தவேண்டும் என அது விதித்தது. அடிமைக்கும் மாட்டுக்கும் விலை உண்டு. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை கூறலாகாது என்பது உரோமர் கொள்கை. காலப்போக்கிற் சுதந்திர மனிதனின் மருத்துவச் செலவையும் உழைப்பிழப்பையும் பெறுதற்கு வழி பிறந்தது. ஒல்லாந்த நாட்டு அறிஞர், தம் நாட்டு வழக்கத்தைத் தழுவி, உடல் பட்ட வேதனைக்கும் வடுவுக்கும் ஈடு உண்டு எனச் சேர்த்தனர். ஒல்லாந்தர் 1638-ம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். பின்வந்த ஆங்கிலேயர், ஒல்லாந்தர் காலத்துச் சட்டமே தொடர்ந்து நடைபெறும் என 1799-ம் ஆண்டுப் பிரகடனத்தால் அறிவித்தனர். அதனாலேயே உரோம ஒல்லாந்தச் சட்டம் இலங்கையிற் பொதுச் சட்டமாக இன்றும் நிலைபெற்றுள்ளது. மட்டக்களப்புக்கெனத் தனியே இருந்த முக்குவர் சட்டம் சொத்தின் வழியுரிமை பற்றியது; அதுவும் 1876-ம் ஆண்டோடு நீங்கியது. எனவே, வாவிக் கரையில் ஒருவர் கால் முறிந்தாலும் கொழும்பு நகரில் ஒருவர் கால் முறிந்தாலும் பொருந்துவது ஒரே சட்டமே.

நட்டஈடு கேட்டு வழக்கிடுபவர் மெய்ப்பிக்க வேண்டியவை மூன்று. எதிராளி தம்பால் இருந்த கவனக் கடமையிலிருந்து வழுவினார் என்பது ஒன்று. அவ்வழுவே ஊறுக்குக் காரணமாயிற்று என்பது இரண்டு. அதனால் இன்ன இழப்பு நேர்ந்தது என்பது மூன்று. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கு நில்லாது. சொய்சா எதிர் அர்சகுலரத்ன எனச் சட்டவுலகம் நன்கறிந்த மருத்துவ வழக்கு இதற்குச் சான்று. நோயுற்று இறந்த சிறுமி ஒருத்தியின் தந்தை தொடுத்த அவ்வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 2,50,000 ரூபாவாகக் குறைத்தது. 2001-ம் ஆண்டில் உயர் நீதிமன்றம், சிகிச்சையிற் காட்டப்படாத கவனத்துக்கும் மரணத்துக்கும் இடையே காரணத் தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி வழக்கைத் தள்ளியது. ஒரே துயரம் மூன்று நீதிமன்றங்களில் மூன்று முடிவுகளை எய்தியது. நெஞ்சை உருக்கும் பேச்சு மட்டும் வழக்கை வெல்வதில்லை என்பதனை இதனால் உணரலாம்.

ஓர் எடுத்துக்காட்டு வழியாக இத்தொழிலின் நடைமுறையை விளக்கலாம். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உழவர் ஒருவர், வேளாண்மை வெட்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகையில், பின்னால் வந்த லொறி மோதிக் கால் முறிந்தது எனக் கொள்க. அவர் மட்டக்களப்பு வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார். பொலிசார் லொறிச் சாரதியை நீதவான் நீதிமன்றில் நிறுத்துகின்றனர். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்துகிறார். அதனோடு வழக்கு முடிந்தது என்றே உழவர் குடும்பத்தார் எண்ணுவர். தண்டப்பணம் அரசாங்கத்தின் திறைசேரிக்குச் செல்வது. உழவர் கைக்கு வருவதன்று. நீதவான் ஓரளவு நட்டஈடு செலுத்துமாறு பணித்தல் கூடுமாயினும், இழப்பு முழுவதையும் பெறுதற்கு மாவட்ட நீதிமன்றிலே தனியே குடியியல் வழக்குத் தொடுத்தல் வேண்டும். குற்ற வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு என்பதனை உரிய காலத்தில் எடுத்துரைக்க ஒருவர் இல்லாமையால் இழக்கப்படும் உரிமைகள் பல.

அந்த உரிய காலம் எத்துணை? 1871-ம் ஆண்டின் 22-ம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வரையறுத்துள்ளது. ஊறு நேர்ந்து 2 ஆண்டுகளுள் வழக்குத் தொடுக்கப்படல் வேண்டும். முறிந்த கால் பொருந்துவதற்கு ஓராண்டு செல்லலாம். கடன்பட்டு அடுத்த போகத்தைச் செய்து முடிக்க மேலும் சில மாதங்கள் செல்லலாம். உறவினர் நடுவில் நின்று சமாதானம் பேசிக் கொஞ்ச நாள் கழியலாம். இரண்டு ஆண்டுகள் என்பது கேட்பதற்கு நெடியது. துன்புறும் குடும்பத்துக்கோ அது கண்ணிமைப் பொழுது. ஆதலால், தம்மை நாடி வருவோரிடம் சட்டத்தரணி கேட்கவேண்டிய முதற் கேள்வி, விபத்து எவ்வாறு நடந்தது என்பதன்று. எந்த நாளில் நடந்தது என்பதே.

இரண்டாவது வேலை சான்று திரட்டல். காயத்தின் வடு உடலில் நிலைத்திருக்கும். தெருவிற் பதிந்த சில்லுத் தடமோ ஒரு மழையில் அழிந்துவிடும். பொலிசாரின் முறைப்பாட்டுப் பிரதி, விபத்திடத்தின் வரைபடம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, கதிர்ப்படங்கள், வைத்தியசாலையின் குறிப்புச் சீட்டுகள், கண்டவர்களின் பெயர் விலாசம் ஆகிய அனைத்தும் விரைந்து சேர்க்கப்படல் வேண்டும். நல்ல சட்டத்தரணி விபத்து நடந்த இடத்தைத் தாமே சென்று பார்ப்பார். வளைவிலே மரம் மறைத்திருந்ததா, தெருவிளக்கு எரிந்ததா, மாலையில் மேற்கு நோக்கி வருபவன் கண்ணில் வெயில் அடித்திருக்குமா என்பன நேரிற் கண்டால் அன்றி விளங்கா. குறுக்குக் கேள்வியின் வன்மை நாவில் இருப்பதாகப் பலர் கருதுவர். உண்மையில், அது பெரும்பாலும் இத்தகைய முன்னேற்பாட்டிலேயே உளது.

மூன்றாவது வேலை வருவாயை மெய்ப்பித்தல். அலுவலகத்து எழுதுவினைஞருக்குச் சம்பளச் சீட்டே சான்று. உழவருக்கோ நெல் விற்ற பற்றுச்சீட்டு, விதைத்த ஏக்கரை அறிந்த வட்டவிதானையாரின் சாட்சியம், கமக்காரர் அமைப்பின் பதிவு, கடன் கொடுத்த வங்கியின் ஏடு என்பவற்றிலிருந்து கணக்கு ஒன்று கட்டியெழுப்பப்படல் வேண்டும். மீனவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேடும், மீன் வாங்கும் முதலாளியின் கொப்பியும் உதவும். வீட்டிலிருந்து பாய் இழைத்தும் நெசவு செய்தும் குடும்பத்தைத் தாங்கிய பெண்ணுக்கு அண்டை அயலாரின் சாட்சியமே பெரிதும் துணை. எழுதப்படாத உழைப்பை எழுத்தில் வடித்து நீதிபதியின் முன் வைப்பதே இத்தொழிலின் நுட்பமான பகுதி. அது செய்யப்படாவிடின், ஆண்டு முழுவதும் உழைத்த கை, சட்டத்தின் கண்ணிலே வெறுங்கையாகிவிடும்.

கேட்கும் தொகை இரு பிரிவாகக் கணிக்கப்படும். மருத்துவச் செலவு, இழந்த வருவாய், இனி இழக்கவிருக்கும் வருவாய் என்பன பொருளிழப்பு. வேதனை, வடு, முன்போல ஓடியாடி வாழ இயலாமை என்பன மற்றைய பிரிவு. வருங்கால இழப்பைக் கணிக்கையில் வயதும், தொழில் செய்திருக்கக்கூடிய ஆண்டுகளும், வாழ்வில் இயல்பாக வரக்கூடிய இடர்களும் கருதப்படும். இங்கே நடுவர் குழு இல்லை. நீதிபதி ஒருவரே சான்றை ஆராய்ந்து தொகையை நிருணயிப்பார். ஆதலின், தொகையைப் பெருக்கிக் கேட்பதாற் பயனில்லை. ஒவ்வொரு ரூபாவுக்கும் அடியிலே ஒரு சான்று இருத்தல் வேண்டும்.

சைக்கிளிலே விளக்கு இல்லாது சென்றமையால் உழவரிடமும் பிழை உண்டு என எதிராளி வாதிடலாம். முன்னாளில் இத்தகைய வாதம் வழக்கையே வீழ்த்திவிடக்கூடியதாக இருந்தது. 1968-ம் ஆண்டின் 12-ம் இலக்கச் சட்டம் அந்நிலையை மாற்றியது. இருபாலும் பிழை இருப்பின், பிழையின் அளவுக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும், முற்றாக மறுக்கப்படாது. தம்மிடமும் சிறு பிழை உண்டென அஞ்சி வழக்கிடாது விடுவோர் இதனை அறிதல் நலம்.

தீர்ப்புக் கிடைத்தாலும் பணம் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. லொறிச் சாரதி ஏழையாக இருக்கலாம். இதனைக் கருதியே 1951-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தெருவில் ஓடும் வாகனங்களுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. தீர்ப்புத் தொகையைக் காப்புறுதி நிறுவனம் செலுத்தல் வேண்டும். ஆனால், வழக்கைத் தொடங்குமுன் அல்லது தொடங்கி 7 நாட்களுள் அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டும். ஒரு கடிதம் தவறினால் வென்ற வழக்கும் பயனற்றதாகலாம். எதிர்ப்பக்கத்தார் ஒருவர் வைத்தியசாலைக் கட்டிலருகே வந்து, சிறு தொகை ஒன்றைக் கையில் வைத்து, இனி உரிமை எதுவும் கோருவதில்லை என்னும் பத்திரத்திற் கையொப்பம் கேட்டலும் கூடும். சமாதானம் தீயதன்று; பல வழக்குகள் நியாயமான சமாதானத்திலேயே முடிகின்றன. ஊறின் அளவு தெரியுமுன் கையொப்பமிடுதலே தீயது.

மோதியது அரசாங்க வாகனமாயின் யாது செய்வது? முன்னர் இலங்கையில் முடியின்மீது இவ்வகை வழக்குத் தொடுத்தல் இயலாதிருந்தது. 1969-ம் ஆண்டின் 22-ம் இலக்கச் சட்டம் அத்தடையை நீக்கியது. சட்டமா அதிபரை எதிராளியாக்கி, ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, வழக்கிடலாம். தொழிற்சாலையிலோ ஆலையிலோ சம்பளத்துக்கு வேலை செய்கையில் ஊறுபட்டவருக்கு வேறொரு வழியும் உண்டு. 1934-ம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, முதலாளியின் பிழையை மெய்ப்பியாமலே ஆணையாளர் முன் கோரிக்கை வைக்கலாம். அவ்வழி விரைவானது, ஆயின் தொகைக்கு எல்லை உண்டு. ஒரே ஊறுக்கு இரண்டு வழியையும் ஒருசேரப் பற்றுதல் இயலாது. எவ்வழி நன்று எனத் தேர்ந்து கூறுதல் சட்டத்தரணியின் பொறுப்பு. தன் வள்ளத்திலே தானே தொழில் செய்யும் மீனவருக்கு முதலாளி என ஒருவர் இல்லாமையால், இக்கட்டளைச் சட்டத்தின் நிழல் அவர்மீது படுவதில்லை.

ஊறு மரணத்தில் முடிந்தபோது சட்டம் நெடுங்காலம் கடுமையாகவே இருந்தது. இறந்தவரின் உழைப்பால் வாழ்ந்தவர்க்கு அவ்வுழைப்பின் இழப்பு மட்டுமே ஈடாகக் கிடைத்தது. உழைக்காத குழந்தையை இழந்த தாய்க்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மாட்டுக்கு விலை கண்ட பழஞ்சட்டம் மகவின் அன்புக்கு விலை காணாது நின்றது. 2019-ம் ஆண்டின் 2-ம் இலக்கச் சட்டம் இக்குறையைப் போக்க முற்பட்டது. பிறர் தவறால் ஒருவர் இறப்பின், அவரது அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்த குடும்பத்தார் அதற்காகவும் நட்டஈடு கோரலாம் என அது விதிக்கின்றது. உயிருக்கு விலை கூறுவதன்று இது. இழப்பு இழப்பே என ஏற்றுக்கொள்வதாகும்.

இத்தொழிலை நாடுவோர் செல்லவேண்டிய வழி நீண்டது. 1874-ம் ஆண்டு முதல் கொழும்பில் இயங்கிவரும் சட்டக் கல்லூரியின் நுழைவுத் தேர்விற் சித்தியடைந்து மூன்றாண்டு பயிலலாம். பல்கலைக்கழகத்திற் சட்டப் பட்டம் பெற்றுப் பின் அக்கல்லூரியின் தேர்வுகளை எழுதுதலும் உண்டு. தொடர்ந்து, அனுபவமிக்க சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றில் உறுதியுரை எடுத்தல் வேண்டும். முன்னாளில் அப்புக்காத்து எனவும் பிறக்கிராசி எனவும் இருந்த இரு பிரிவுகளும் 1974-ம் ஆண்டு தொடக்கம் சட்டத்தரணி என ஒன்றாயின. அதனால், கட்சிக்காரரிடம் வாக்குமூலம் பெற்று வழக்கை எழுதுபவரே மன்றில் எழுந்து வாதாடவும் உரிமை பெற்றார். சிற்றூர்களில் ஊறு வழக்கு மட்டும் நடத்துவோர் அரியர். காணி வழக்கும் மணமுறிவு வழக்கும் நடத்துபவரே இதனையும் நடத்துவர். ஆயினும், எலும்பின் பெயரும் காயத்தின் தரமும் மருத்துவ அறிக்கையின் மொழியும் கற்காது இத்துறையிற் சிறத்தல் அரிது.

மொழியும் இங்கு ஒரு பெருஞ் செய்தி. வடக்கு, கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் தமிழே நீதிமன்ற மொழி என அரசியலமைப்புக் கூறுகின்றது. மட்டக்களப்பு மன்றிலே சாட்சி தன் தாய்மொழியில் தன் துன்பத்தைச் சொல்லலாம். ஆனால், முன்தீர்ப்புகள் அடங்கிய சட்ட அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே உள்ளன. மேல்நிலை மன்றங்களின் வாதமும் பெரும்பாலும் அம்மொழியிலேயே நிகழ்கின்றது. சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதற்கு 2020-ம் ஆண்டின் இறுதியில் விதி வகுக்கப்பட்டது. 2023-ம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பாராளுமன்றம் அதனை நிராகரித்தது. தமிழிற் கற்கும் உரிமை வேண்டற்பாலது. அதனோடு ஆங்கில நூல்களை ஆழ்ந்து பயிலும் முயற்சியும் வேண்டற்பாலதே. வயற்காரன் கூறும் ‘வேளாண்மை வெட்டு’ என்பதன் பொருளும், நீதியரசர் எழுதிய தீர்ப்பின் பொருளும் ஒருங்கே விளங்குபவரே இவ்விரு கரையையும் இணைக்கும் பாலமாவர்.

இனி ஊதியத்தைக் கருதலாம். அமெரிக்க நாட்டிலே ஊறு வழக்கு நடத்துவோர் வென்ற தொகையில் ஒரு பங்கை, பல வேளைகளில் மூன்றிலொன்றை, ஊதியமாகப் பெறுவர். அங்கு நடுவர் குழு வழங்கும் தொகைகள் பெரியன. உரோம ஒல்லாந்தச் சட்ட மரபோ, வழக்கிற் பங்கு பேசுதலைப் பொது நலனுக்கு மாறானதாகக் கருதுகின்றது. தரகர் வழியாகக் கட்சிக்காரரைத் தேடுதலும் தொழில் ஒழுக்கத்துக்கு இழுக்கு. ஆயின், கையிற் பணமில்லாத ஏழை என் செய்வார்? 1978-ம் ஆண்டிற் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை அவர் நாடலாம். மட்டக்களப்பிலும் அதன் நிலையம் உண்டு. மற்றையது, தொழிலைத் தொண்டாகவும் கருதும் சட்டத்தரணியரின் நல்லுள்ளமே. பெரும் பொருள் ஈட்டுதலையே குறியாகக் கொண்டு இத்துறைக்கு வருவோர் ஏமாற்றமடைவர். வழக்கு ஆண்டுக்கணக்காக நீளலாம். தீர்ப்பின் பின் மேன்முறையீடு வரலாம். கட்சிக்காரர் மனந்தளர்ந்து வராதொழியலாம். பொறுமையே இங்கு முதலீடு.

பொறுமைக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1928-ம் ஆண்டு ஆகத்து மாதம் 26-ம் நாள், ஸ்கொத்லாந்து நாட்டுப் பெய்சிலி நகரிலே, மே டொனகியு என்னும் ஏழைப் பெண் இஞ்சிப் பானம் அருந்தினாள். போத்தலின் அடியில் அழுகிய நத்தை கிடந்தது கண்டு நோயுற்றாள் என்பது அவள் கூற்று. போத்தலை விலைகொடுத்து வாங்கியவள் அவளுடைய தோழியாதலால், உற்பத்தியாளன்மீது அவளுக்கு உரிமையில்லை என்பதே அக்காலச் சட்டம். அவளுடைய சட்டத்தரணி வால்ட்டர் லீச்மன், போத்தலில் எலி கிடந்ததாகத் தொடுத்த அத்தகைய வழக்கொன்றில் 1929-ம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தோற்றிருந்தார். தோற்ற சில வாரங்களுள்ளேயே நத்தை வழக்கைத் தொடங்கினார். வறியவர் என்னும் சலுகையோடு அவ்வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1932-ம் ஆண்டு மே மாதத்தில், தன் செயலாற் பாதிக்கப்படக்கூடிய அயலார் அனைவர்பாலும் ஒருவனுக்குக் கவனக் கடமை உண்டு என்னும் கொள்கையை அற்கின் பிரபு நிலைநாட்டினார். போத்தலில் நத்தை உண்மையிற் கிடந்ததா என்பது எந்த மன்றிலும் விசாரிக்கப்படவில்லை. விசாரணைக்கு முன்பே வழக்குச் சமாதானமாயிற்று. ஆனால், அக்கொள்கை பல நாடுகளின் சட்டத்தில் வேரூன்றிவிட்டது.

மட்டக்களப்பு மன்றில் நடைபெறும் ஊறு வழக்கு ஒவ்வொன்றும் இத்தகைய புகழை எய்துவதன்று. பெரும்பாலானவை செய்தித்தாளில் ஒரு வரியும் பெறாமலே முடியும். எனினும், அத்தீர்ப்பால் அடைமானத்திற் கிடந்த வயல் மீளலாம். பள்ளியிலிருந்து நின்ற பிள்ளை மீண்டும் புத்தகம் ஏந்தலாம். சட்டம் ஏட்டில் இருக்கின்றது. உரிமை மக்களிடம் இருக்கின்றது. இரண்டுக்கும் இடையில் இரண்டு ஆண்டுகளே உள்ளன. அந்த இடைவெளியை நேர்மையோடும் உழைப்போடும் கடத்திவிடும் ஓடக்காரர் படுவான்கரையின் பிள்ளைகளிலிருந்தே மேன்மேலும் தோன்றுவாராயின், அந்நாட்டுக்கு அதனினும் பெரிய நன்மை வேறில்லை.